18,600 ரூபாய்க்கு வாங்கிய ஹால்யார்ட் கயிறு: யாரும் ஏமாற வேண்டாம்

இன்று காலை, என் பாய்மரப் படகுக்கு இந்தக் கயிற்றை விற்ற கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். போனது 18,600 ரூபாய். சின்னப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள், அதிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். கயிறும் கிளீட்டும் (கயிற்றை இழுத்துக் கட்டி நிறுத்தும் பிடி) எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என் படகு பழைய எண்டர்பிரைஸ் வகை. நான்கு மீட்டர் நீளம், இரண்டு பேர் ஓட்டுவது, நீலப் பாய். சென்னைத் துறைமுகத்துக்குள் நானும் என் மகளும் ஓட்டுகிறோம். மாஸ்ட் (பாய் கட்டும் கம்பம்) உச்சியில் உள்ள கப்பி வழியாகப் பாயை ஏற்றி இறக்கும் ஹால்யார்ட் கயிறுகள் வெயிலில் நைந்து போயிருந்தன. புதிதாக மாற்றலாம் என்று தேடியபோது, படகுச் சாமான்களை இணையத்தில் விற்கும் ஒரு கடை கண்ணில் பட்டது. இரண்டு ஹால்யார்ட், இரண்டு கிளீட், ஷேக்கிள்கள் (கயிற்றைப் பாயோடு பிணைக்கும், ஆணி போட்ட U வடிவ வளையங்கள்) எல்லாம் சேர்த்து ஒரே செட்.

உடனே வாங்கிவிடவில்லை. போன் செய்து பேசினேன். அங்கேதான் விழுந்தேன். அவர் முதலில் கேட்ட கேள்வியே, "சார், உங்க மாஸ்ட் உச்சியில இருக்கிற கப்பிக்கு அஞ்சு மில்லி கயிறு போகுமா, ஆறு போகுமா?" எத்தனையோ கடைகளில் கயிறு வாங்கியிருக்கிறேன், யாரும் இதைக் கேட்டதில்லை. படகு தெரிந்த ஆள் என்று நினைத்துவிட்டேன். உள்ளே இருப்பது டைனீமா என்ற மிக வலுவான செயற்கை இழை, இழுவையில் நீளாது என்றார். நான் தயங்கியதும் ஒரு வீடியோ அனுப்பினார். மேலுறையை நீக்கி, உள்ளே இருந்த வெள்ளை இழையை வாளித் தண்ணீரில் போடுகிறார், மிதக்கிறது. "பாருங்க சார், டைனீமா மட்டும்தான் மிதக்கும்." டைனீமா மிதக்கும் என்று எனக்கும் தெரியும். அதுவே போதும் என்று அந்த நிமிடமே யுபிஐயில் 18,600 ரூபாய் அனுப்பினேன். பில் கேட்டேன். "பார்சலோட வரும் சார்" என்றார். வரவில்லை.

பாலிபுரொப்பிலீனும் மிதக்கும். கடைத்தெருவில் கிலோ கணக்கில் விற்கும் சாதாரண பிளாஸ்டிக் கயிறு. அது என் மண்டையில் அப்போது உறைக்கவில்லை.

முதல் நாளே ஒரு அறிகுறி இருந்தது. பாயை முறுக்காக ஏற்றிக் கட்டினால் அரை மணி நேரத்தில் மாஸ்ட்டை ஒட்டிய ஓரம் சுருக்கம் விழுந்து தொங்கியது. கயிறு நீள்கிறது என்று அர்த்தம். புதுக் கயிறு, படிந்துவிடும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கடல்காற்று நன்றாகவே எழுந்துவிட்டது. நாங்கள் கட்டும் ஜெட்டியை நோக்கி நேராக அடித்தது. காற்று ஜெட்டியிலிருந்து வெளியே அடித்தால் பயமில்லை. காற்றை எதிர்த்து வந்து மெயின்ஷீட்டை (பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) விட்டால் பாய் படபடக்கும், வேகம் போய்விடும், கையால் எட்டிப் பிடித்துக் கட்டிவிடலாம். ஜெட்டியை நோக்கி அடிக்கும்போது அது நடக்காது. மெயின்ஷீட்டை முழுசாக விட்டாலும் பூம் (பாயின் அடியில் உள்ள கிடைக்கம்பம்) போய், மாஸ்ட்டைப் பக்கவாட்டில் தாங்கும் ஷ்ரவுட் கம்பியில் முட்டி நின்றுவிடும், பாய் காற்று நிறைந்தபடியே இருக்கும். அதனால் தள்ளி நின்று, படகின் மூக்கைக் காற்றுக்குத் திருப்பி, மெயின் பாயை இறக்கி பூமோடு சேர்த்துக் கட்டிவிட்டு, முன்னால் இருக்கும் சின்னப் பாயான ஜிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாக வர வேண்டும். எப்போதும் அப்படித்தான் வருவோம்.

திருப்பினேன். மகள் ஹால்யார்டை அவிழ்த்தாள். பாய் ஒரு முழம் இறங்கி நின்றுவிட்டது. பிடித்து இழுத்தாள், தொங்கினாள், அசையவில்லை. "அப்பா, இறங்கலப்பா!" நானும் எழுந்து இழுத்துப் பார்த்தேன். அதற்குள் படகு பின்னோக்கிப் போய், மூக்கு விலகி, பாயில் மறுபடி காற்று நிறைந்தது. இன்னும் ஒருமுறை திருப்பினேன், அதே கதி. மூன்றாவது முறைக்கு இடம் இல்லை. அந்த வேகத்திலேயே போய் சிமெண்ட் சுவரில் மோதினோம். மோதலைத் தடுக்க அவள் கையை நீட்டிவிட்டாள். இரண்டு விரல் நசுங்கி, ஒரு நகத்துக்குக் கீழே ரத்தம் கட்டிவிட்டது. எலும்பு முறியவில்லை. படகு மட்டுமே 90 கிலோவுக்குக் குறையாது, அதோடு பாயில் நிறைந்த காற்று. முறியாதது எங்கள் அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை.

ஜெட்டியில் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஓடி வந்து பிடித்தார். அவரும் நானுமாகப் படகைச் சாய்த்து மாஸ்ட் உச்சியை ஜெட்டிக்குக் கொண்டுவந்து பார்த்தோம். கயிற்றின் மேலுறை தனியாக வழுக்கி வந்து, கணுக்காலில் சுருண்ட சாக்ஸ் மாதிரி கப்பி வாயில் திரண்டு அடைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து ஒரே வெட்டில் கயிற்றை அறுத்தார். உள் இழையை விரலில் உருட்டிப் பார்த்தார். "தம்பி, இது டைனீமா இல்ல. அதுன்னா என் கத்திக்கு இப்படி வெட்டுப்படாது. காசிமேட்டுல கிடைக்கிற பிளாஸ்டிக் கயிறுதான், மேல சட்டை மாட்டி வித்திருக்கான்." ஷேக்கிள்களைக் காட்டினேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று விற்றவை, மூன்றே வாரத்தில் ஆணி துருப்பிடித்துவிட்டது. காந்தம் வைத்தேன், லபக்கென்று ஒட்டியது.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. திங்கட்கிழமை போனை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை "டீம்ல சொல்லியிருக்கேன் சார்." புதன்கிழமை போட்டோ கேட்டார், ஒன்பது போட்டோ அனுப்பினேன். பதில் என்ன தெரியுமா? "கயிறை வெட்டிட்டீங்க, வெட்டின பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்." வெட்டாமல் எப்படி ஐயா உள்ளே இருப்பதைப் பார்ப்பது? சரி, ஷேக்கிளுக்கு என்ன சொல்கிறீர்கள் என்றேன். "உப்புத் தண்ணி பட்டா வாரண்டி கிடையாது." படகில் மாட்டத்தான் விற்றார், கடல் படகு என்று சொல்லித்தான் வாங்கினேன். மகளின் விரல் படத்தை அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று காலை 18,600 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்று கடைசியாக எழுதினேன், பிளாக்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். பில் இல்லாததால் யுபிஐ ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் ஆதாரம்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், மகளுக்குக் கட்டு மாற்ற மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். அவசரத்துக்கு இவ்வளவுதான். மிதக்கிற வீடியோவை நம்பாதீர்கள். நுனியை நேரில் வெட்டிப் பாருங்கள்: டைனீமா இழை மெழுகு தடவியது போல் வழுக்கும், சாதாரண கத்தரிக்கோலுக்கு மசியாது. நுனியில் மேலுறையையும் உள் இழையையும் சேர்த்து ஊசி நூலால் தைத்த பிறகே கப்பியில் மாட்டுங்கள். ஷேக்கிளில் காந்தம் பலமாக ஒட்டினால் வேண்டாம். பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் கரையிலிருந்து கிளம்பும் முன் பாயை முழுக்க ஏற்றி ஒருமுறை முழுக்க இறக்கிப் பாருங்கள், அப்புறம் போங்கள். பாய் இறங்காமல் சிக்கினால் என்னைப் போல் ஜெட்டிக்கு வர முயற்சி செய்யாதீர்கள். வெளியே நின்று உதவிப் படகைக் கூப்பிடுங்கள். கையையோ காலையோ நீட்டிப் படகைத் தடுக்கவே கூடாது என்று பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

எனக்கு வந்தது ஐந்து மில்லி கயிறு, வெள்ளை மேலுறை, அதில் ஒற்றைச் சிவப்பு இழை. இதே மாதிரி யாராவது இணையத்தில் வாங்கி மாட்டியிருந்தால், அடுத்த முறை கடலில் இறங்கும் முன் ஒரு நுனியை வெட்டிப் பார்த்துவிடுங்கள்.