பெருமாள்புரத்துல அம்மாவுக்கு வச்ச ஹோம் கேர், மாத்திரை விஷயத்துல எப்படி

அம்மாவுக்கு 74 வயசு, சுகர் பிபி தைராய்டு மூணும் உண்டு. வீடு திருநெல்வேலி பெருமாள்புரம், நான் பெங்களூர்ல. ஆடில பாத்ரூம்ல வழுக்கி இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆனதுல இருந்து ஆள் வச்சுதான் பாக்கோம், இது ரெண்டாவது ஏஜென்சி. ரெண்டு ஏஜென்சி பேரும் போடல, ஏன்னா ஒரே ஏஜென்சில வாற ஆளுகளே ஒண்ணுபோல இல்ல, கடைசில படிச்சா தெரியும்.

முதல்ல வந்த புள்ள தங்கமான புள்ள, அம்மாவுக்கு தலை சீவி பூ வச்சு விடும், சேந்து உக்காந்து சீரியல் பாக்கும், நாங்களும் மயங்கிட்டோம். ஆனா மாத்திரைய எல்லாம் ஸ்ட்ரிப்ல இருந்து பிரிச்சு ஒரே டப்பால கொட்டி, வெள்ளை ஒண்ணு ரோஸ் ஒண்ணுன்னு கலர் பாத்துதான் குடுத்திருக்கு. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே பிபி மாத்திரை கொண்டு வந்து தருவாங்கல்லா, அது ஆம்லோடிபின். ஆஸ்பத்திரில எழுதினது கம்பெனி பேருல வந்த அதே ஆம்லோடிபின். ரெண்டும் உள்ள போயிட்டு இருந்திருக்கு! கால் வீங்குதுல வீங்குதுலன்னு அம்மா சொல்லுதா, நாங்க ஆபரேஷன் பண்ணதாலன்னு நெனச்சோம், பண்ணாத காலும் ஏன் வீங்குதுன்னு ஒருத்தனுக்கும் தோணல.

இப்ப வாற அக்கா வந்த அன்னைக்கே சீட்டு, ஸ்ட்ரிப்பு எல்லாத்தையும் கட்டில்ல பரப்பி, பின்னால இருக்க பொடி எழுத்த படிச்சு, "தம்பி இது ரெண்டும் ஒண்ணுலா, நானா நிறுத்த முடியாது, இப்பமே டாக்டர்ட்ட கேளுங்க"ன்னு போன் போட்டாவ. டாக்டர் ஒண்ண நிறுத்துனாரு, வீக்கம் வத்திட்டு.

இன்சுலின்லயும் அப்படித்தான். நம்ம கடைகள்ல குப்பில வாறது பெரும்பாலும் 40 யூனிட், பேனாவுல வாறது 100. சிரிஞ்சும் சிவப்பு மூடின்னா 40க்கு, ஆரஞ்சு மூடின்னா 100க்கு. 100 மருந்த சிவப்பு மூடி சிரிஞ்சுல 10 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 25 யூனிட், சுகர் எறங்கி ஆளே மயங்கிரும். அக்கா தினமும் குப்பியையும் சிரிஞ்சையும் சேத்து வச்சு பாப்பாவ, அடுப்படில சாப்பாடு ரெடியான்னு எட்டி பாக்காம ஊசிய தொட மாட்டாவ. காலைல தைராய்டு மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் காப்பி, இதுக்கு அம்மாவோட தெனமும் சண்டை. கால்சியம் மத்தியானத்துக்கு மேலதான், ரெண்டையும் சேத்து குடுத்தா தைராய்டு மாத்திரை ஒடம்புல சேராதாம். சுகர் மாத்திரை முழுங்க கஷ்டமா இருக்குன்னு என் வீட்டுக்காரி பொடிச்சு மோர்ல கலக்க போனா, அது எஸ்ஆர், கொஞ்சங்கொஞ்சமா கரையணும், பொடிச்சா மொத்தமா இறங்கிரும்னு தடுத்துட்டாவ.

எனக்கும் ஒரு நாள் கெடைச்சுது. அம்மா தூங்கலன்னு ராத்திரி போன் வந்துது, அப்பாவுக்கு முன்ன எழுதின தூக்க மாத்திரை அலமாரில கெடக்கு, அதுல ஒண்ணு குடுங்கன்னேன். "ஆச்சி பேருல சீட்டு இல்லாம குடுக்க மாட்டேன் தம்பி"ன்னுட்டாவ. சம்பளம் குடுக்கது நான்தானன்னு கத்திட்டேன். மறுநாள் டாக்டர் என்னைத்தான் ஏசுனாரு, இடுப்பு ஆபரேஷன் பண்ணவங்க அரைத்தூக்கத்துல எந்திரிச்சு திரும்ப விழுந்தா யாரு பாப்பான்னு. அக்காட்ட சாரி சொன்னேன், சிரிச்சிட்டு விட்டுட்டாவ.

நோட்டு ஒண்ணு போட்டிருக்காவ, மருந்து பேரு, அளவு, நேரம், அம்மா முழுங்குனத கண்ணால பாத்தப்புறம்தான் கையெழுத்து. துப்பிட்டா துப்பிட்டாங்கன்னே எழுதி இருக்கும், திரும்ப ஒண்ணு குடுக்காம எனக்கு போன் வரும்.

கொறை என்னன்னா ஞாயித்துக்கெழம. அக்காவுக்கு லீவு, மாத்து ஆள் வரும். ஒரு தடவ சொல்லாம கொள்ளாம ஊருக்கு போனேன், சாயங்காலம் 4 மணிக்கு நோட்ட பாத்தா ராத்திரி 9 மணி மாத்திரைக்கு கையெழுத்து போட்டு வச்சிருக்கு. கேட்டா "எப்படியும் குடுக்கத்தான போறேன்"ங்கு. ஏஜென்சில சொன்னா அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க சார்ங்கான்.

அக்காவுக்கு 5 ஸ்டார், ஏஜென்சிக்கு 3, அதுவும் அக்காவ அனுப்புனதுக்கு. பொங்கலுக்கு அக்கா ஒரு வாரம் களக்காட்டுக்கு போகணும்னு கேட்டிருக்காவ, அந்த ஒரு வாரமும் ஞாயித்துக்கெழம வாற புள்ளைய அனுப்புதோம்னு ஏஜென்சில சொன்னான், நான் ஆபீஸ்ல லீவு சொல்லி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சு.