வட்டக்கோட்டை: நெல்லையிலிருந்து ஒரு நாள் போய்வர

அரண்மனை, அந்தப்புரம் என்று எதிர்பார்த்து, கன்னியாகுமரிப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் வட்டக்கோட்டைக்குப் போனால் பத்தே நிமிடத்தில் சலித்துவிடும். சுமார் மூன்றரை ஏக்கரைச் சுற்றி மதில், நடுவே படித்துறையோடு ஒரு குளம், சில கல் மண்டபங்கள், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது மதிலைத்தான், அதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், பின்னாளில் திருவிதாங்கூர் படையையே பழக்கியவர். இந்தக் கோட்டையைக் கருங்கல்லில் வலுப்படுத்தியதும் அவர்தான். சுமார் 25 அடி உயரம். முன்பக்க மதிலின் அகலம் மட்டும் 29 அடி வரும்! மேலே ஏறக் கல் பாவிய சரிவுப் பாதை இருக்கிறது. பீரங்கியைப் படியில் உருட்டிப் போக முடியாதல்லவா, அதற்காகத்தான். தூறல் விழுந்தால் அந்தக் கல் வழுக்கும், தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம். கல்லில் பாண்டியரின் மீன் சின்னமும் உண்டு. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் கோடுகள் எடுப்பாகத் தெரியும்.

காலையில் வெயில் கடல் பக்கமிருந்து முகத்தில் அடிப்பதால் போட்டோ எல்லாம் கறுத்துப்போகும். மூன்று மணிக்கு மேல் போனால் கடலின் நிறம் அப்படியே கிடைக்கும், மறுபுறம் தென்னந்தோப்புக்கு மேலே மலைத்தொடரும் தெரியும். ஆனி, ஆடியில் காற்று ஆளைத் தள்ளும். பிள்ளைகளை மதில் ஓரத்தில் எட்டிப் பார்க்க விடாதீர்கள். உள்ளே நிழல் குறைவு, தண்ணீர் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.

ஒட்டினாற்போல் இருக்கும் கடற்கரையில் மணல் கறுப்பு. இல்மனைட், கார்னெட் என்ற கனமான தாதுக்கள் கலந்தது. லேசான மணலை அலை இழுத்துப்போக, கனமானது வரிவரியாகத் தங்கிவிடுகிறது. ஒரு பிடி அள்ளினாலே கனம் புரியும். உச்சிவெயிலில் வெறுங்காலோடு இறங்கினால் பொத்துப்போகும். குளிக்க இறங்கவே வேண்டாம்.

காரில் போகிறவர்கள் காலையில் சுசீந்திரம் கோயிலை முடித்துவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். பங்குனி, சித்திரை என்றால் போகிற வழியில் பணகுடிப் பக்கம் பதநீர் கிடைக்கிறதா என்று பாருங்கள். வெயில் ஏறினால் புளித்துவிடும். திரும்புகையில் அஞ்சுகிராமம், பழவூர், வடக்கன்குளம் வழியாக நான்குவழிச் சாலையைப் பிடிக்கலாம். பஸ் என்றால் கன்னியாகுமரியில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும், ஏழு கிலோமீட்டர்தான். காத்திருப்புக்கும் சேர்த்து வாடகை பேசிவிடுங்கள், திரும்பி வர அங்கே வண்டி லேசில் கிடைக்காது.