பெர்சியஸை முதலில் எந்தப் புத்தகத்தில் சந்திப்பது?

குழந்தைக்குக் கிரேக்கப் புராணம் சொல்ல எந்தப் புத்தகம் நல்லது என்று கேட்டால், அமெரிக்க எழுத்தாளர் ஹாதோர்ன் 1851-ல் எழுதிய 'எ ஒண்டர் புக்', டோலேர் தம்பதி 1962-ல் கொண்டுவந்த பெரிய படப் புத்தகம், 2005-ல் தொடங்கிய ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் கதைவரிசை என மூன்றைத்தான் பலரும் சொல்வார்கள். மூன்றையும் என் மகளோடு படித்தேன், ஆங்கிலத்தில் இருப்பதை நான் தமிழில் சொல்லச் சொல்ல. தன்னைப் பார்த்தவரைக் கல்லாக்கும் மெதூசாவைக் கொன்ற கிரேக்க வீரன் பெர்சியஸ். அவன் கதை மூன்றிலும் ஏதாவது வடிவில் வருகிறது, அதை வைத்தே ஒப்பிடுகிறேன்.

வாய்விட்டுப் படிக்க ஹாதோர்ன்தான். மூன்று கிழவிகள், மூவருக்கும் சேர்த்து ஒரே கண். நெற்றியிலிருந்து கழற்றி ஒருத்தி அடுத்தவளிடம் நீட்டுகிற அந்த நொடியில் மூவருக்குமே பார்வை கிடையாது, யார் முறை என்று சண்டை வேறு, அந்த நேரம் பார்த்து பெர்சியஸ் பாய்ந்து கண்ணைப் பிடுங்கிக்கொள்கிறான். இதை மூன்று நாள் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. ஆனால் கதையின் தொடக்கத்தில் தாயையும் பிள்ளையையும் பெட்டியில் வைத்துக் கடலில் விட்டது யார் என்றால், யாரோ சில கெட்டவர்களாம். "யாருப்பா அந்தக் கெட்டவங்க?" என்றாள் மகள். புத்தகத்தில் பதில் இல்லை.

பதிலில்தான் கதையே இருக்கிறது. பெட்டியில் வைத்தது தாத்தா, ஆர்கோஸ் அரசர் அக்ரிசியஸ். பேரன் கையால் சாவு என்று குறிசொல்லிவிட்டார்கள், அந்தப் பயம். டோலேர் புத்தகம் இதை மறைக்கவில்லை. தேவர்களின் அரசன் ஜீயஸின் காதல்களை எல்லாம் மனைவிகள் என்று மாற்றி நாசூக்காகக் கடந்துவிடுகிறார்கள், அது சரி, எட்டு வயதுக்கு அது போதும். தாத்தாவின் பயத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்களே, அதற்காகவே முதல் புத்தகம் இதுதான் என்பேன். "கம்சன் மாதிரியே!" என்று மகள் துள்ளினாள். கண்ணன் தெரிந்தே கொன்றான், பெர்சியஸ் விளையாட்டில் எறிந்த வட்டு தவறிப்போய்த் தாத்தா மேல் பட்டது என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பெரிய பக்கம் முழுக்கப் படம் விரிகிற புத்தகம் இது, திரையில் பார்க்காமல் அச்சில் வாங்குங்கள்.

ரியோர்டன் அப்புறம், பத்து வயது வாக்கில். படிக்கச் சிரமப்பட்ட தன் மகனுக்கு இரவில் சொன்ன கதையிலிருந்து பிறந்தது இது. கதையின் நாயகனான இக்காலச் சிறுவன் பெர்சிக்கும் எழுத்து தடுமாறும், ஆனால் அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்குப் பழகியது. புத்தகம் என்றாலே ஓடும் பிள்ளையிடம் தைரியமாக இதைக் கொடுக்கலாம். ஆனால் பழைய கதை தெரியாமல் படித்தால் பாதி ருசி போய்விடும். நியூ ஜெர்சியில் சாலையோரம் ஒரு சிலைக் கடை, முகத்தை மூடிய ஓர் அத்தை, பசியோடு வந்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறாள். பெர்சிக்கு எதுவும் புரிவதற்கு முன்பே என் மகள் கட்டிலில் எழுந்து நின்று, "பாக்காத, பாக்காத, அது மெதூசா!" என்று கத்தினாள்.