முதல் ஃபோம் விமானம்: வால் வைத்ததா, வாலில்லாததா?

ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தை வீட்டிலேயே ஃபோமில் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வடிவங்களுக்கு நடுவே தடுமாறுகிறார்கள். ஒன்று, உடலுக்கு மேல் இறக்கையும் பின்னால் வாலும் கொண்ட பயிற்சி விமானம். மற்றது, வாலே இல்லாத முக்கோண வடிவப் ‘பறக்கும் இறக்கை’. “இரண்டாவதைச் செய்யுங்கள், விழுந்தாலும் உடையாது” என்றுதான் புதியவர்களுக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது. என் கட்சி வேறு.

உடையாது என்பது உண்மைதான். பறக்கும் இறக்கையைப் பெரும்பாலும் இபிபி எனப்படும் மீள்தன்மையுள்ள ஃபோமில் செய்வார்கள். அது அடிபட்டால் நசுங்கி மறுபடி பழைய வடிவத்துக்கே வந்துவிடும். மோட்டாரும் பின்னால் இருப்பதால் மூக்கு தரையில் குத்தினாலும் புரொப்பல்லர் பெரும்பாலும் தப்பிக்கும். சக்கரம் வேண்டாம், இரண்டு சர்வோ (திருப்பும் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்) போதும்.

ஆனால் பறக்கக் கற்பவருக்கு முதலில் தேவைப்படுவது யோசிக்க நேரம். உயர் இறக்கை விமானத்தில் இறக்கையின் இரு நுனிகளையும் சற்று மேல்நோக்கி வளைத்து ஒட்டுகிறோம். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து வழுக்கும்போது தாழ்ந்த பக்க இறக்கையில் கூடுதல் தூக்குவிசை பிறந்து அதை நிமிர்த்துகிறது. ரிமோட்டின் குச்சியிலிருந்து விரலை எடுத்தால் போதும், அதுவே சமநிலைக்கு வந்துவிடும். பறக்கும் இறக்கையிடம் இந்தப் பெருந்தன்மை கிடையாது; சாய்த்துவிட்டுக் கையை எடுத்தால் சாய்ந்தபடியே போகும். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் அந்த நொடிகளில்தான். வாலில்லாத முக்கோணமோ சற்றுத் தள்ளிப் போனாலே வருகிறதா போகிறதா என்று புரிவதில்லை.

ஈர்ப்பு மையமும் இப்படித்தான். 20 சென்டிமீட்டர் அகல இறக்கை என்றால் முன் விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்டிமீட்டருக்குள் விமானம் விரல் நுனியில் சமமாக நிற்க வேண்டும். மூக்கு கொஞ்சம் கனமாக இருந்தாலும் வால் சமாளித்துக்கொள்ளும். வாலில்லாததில் சில மில்லிமீட்டர் பின்னால் போனாலே கைக்கு அடங்காது.

எனவே முதல் விமானத்துக்கு என் பரிந்துரை: 120 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட உயர் இறக்கை, மோட்டார், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை), ரட்டர் (இடம் வலம் திருப்பும் வால் பலகை) என்று மூன்றே கட்டுப்பாடுகள். இறக்கையை உடலோடு ஒட்டாமல் ரப்பர் பேண்டால் கட்டுங்கள். மோதினால் உடைவதற்குப் பதில் கழன்று விழும். மொத்த எடை 600 கிராமுக்குள் இருந்தால் இறக்கைப் பரப்பில் சதுர டெசிமீட்டருக்கு 25 கிராம் சுமைதான் வரும். அது நிதானமாக மிதக்கும்.

இறக்கையின் மேற்பரப்புக்கு முன்னிருந்து பின்னாக வளைவு கொடுப்பது கடினம் என்று பயப்பட வேண்டாம். கிளைன், ஃபோகிள்மன் என்ற அமெரிக்கர்கள் இருவரும் 1972-இல் காப்புரிமை பெற்ற படிக்கட்டு இறக்கை இருக்கிறது. முழு அகலத் தகடு ஒன்றின் மேல், முன்பாதியில் மட்டும் இன்னொரு தகட்டை ஒட்டினால் வேலை முடிந்தது.

எந்த ஃபோம் என்பதில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். கடையில் சன்போர்டு என்று கேட்டால் பெரும்பாலும் பிவிசி தகட்டைத் தருவார்கள். பார்க்க அழகாக, வழவழப்பாக இருக்கும். 5 மில்லிமீட்டர் தகட்டில் மேற்சொன்ன இறக்கையை வெட்டினால் ஓர் அடுக்கே அரைக் கிலோவைத் தாண்டிவிடும். அதைத் தொடவே வேண்டாம். டெப்ரான் என்ற லேசான ஃபோம் தகட்டில், 6 மில்லிமீட்டர் தடிமனில், இரண்டு அடுக்கும் சேர்ந்தே நூறு கிராமுக்குள் அடங்கும். சாதாரணத் தெர்மோகோல் இன்னும் லேசானது, ஆனால் மணிமணியாக உதிரும். இருபக்கமும் காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டு மடிக்க வசதியானது, ஈரம் பட்டால் காகிதம் உரியும். என் தேர்வு டெப்ரான். உடையும்தான், ஆனால் இரண்டு துண்டையும் பொருத்தி, ஃபோமுக்கு உகந்த பசை தடவி டேப் ஒட்டினால் மறுநாள் காலை பறக்கத் தயார். உடனடிப் பசையை (சூப்பர் க்ளூ) மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள்; தெர்மோகோலையும் டெப்ரானையும் அது கரைத்துவிடும். இபிபிக்கு அந்தத் தொல்லை இல்லை.

காற்று பலமாக வீசும்போது ‘பறக்கும் இறக்கை’க்கே நிச்சயம் வெற்றி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்னும்போது 600 கிராம் விமானம் என்ன செய்யும்? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்கள் அந்த மாதங்களில் விடியற்காலையில் மட்டும் பறக்கவிடலாம். எங்கே பறக்கவிட்டாலும் முதலில் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா (முன் அனுமதி தேவைப்படாத பகுதியா) என்று பாருங்கள்.

செலவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். 2212 அளவில் 1000 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி, மூன்று செல் 2200 எம்ஏஎச் பேட்டரி, 9 கிராம் சர்வோ இரண்டு: இதே தொகுப்பு இரண்டையும் பறக்கவைக்கும். வானில் எட்டு போடப் பழகிய பின் இவற்றைக் கழற்றி இபிபி இறக்கைக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்போது ஒன்றில் கவனம் தேவை: பின்புற புரொப்பல்லர் எறியும் கைக்குப் பின்னால் சுழல்கிறது. மோட்டாரை நிறுத்தி வைத்து எறியுங்கள். விமானம் கையை விட்டு நன்றாக விலகிய பிறகே வேகம் கொடுங்கள்.