சூடூ: பல ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

ஆய்வகச் சர்வரின் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் நண்பர் கேட்டார்: “மாணவர்களுக்கு ரூட் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடலாமா, சூடூ வழியாக அளவோடு அதிகாரம் தரலாமா?” ரூட் என்பது சர்வரில் எதையும் செய்யவல்ல நிர்வாகக் கணக்கு; சூடூ என்பது, அனுமதித்த கட்டளைகளை மட்டும் அந்த அதிகாரத்தோடு மற்றவர்கள் ஓட்ட வழிசெய்யும் கருவி. சூடூ என்றுதான் உடனே சொன்னேன்.

அதன் பதிவேடு ஒன்றுக்காகவே சொல்லலாம். எல்லாருக்கும் ஒரே ரூட் கடவுச்சொல் என்றால், நள்ளிரவில் தரவுத்தளத்தை நிறுத்தியவர் யாரென்று தெரியவே தெரியாது. சூடூவில் அவரவர் தம் கடவுச்சொல்லையே இடுகிறார். யார், எப்போது, எந்தக் கட்டளை என்று ஒரு வரி விழுந்துவிடுகிறது. படிப்பை முடித்துச் செல்பவரின் பெயரை நீக்கினால் போதும், மற்றவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். 1980 வாக்கில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட கருவி இன்றும் உழைக்கிறது.

என் கோபமெல்லாம் அந்த ‘அளவோடு’ என்பதில்தான். பதிவுகளைப் படிக்க மட்டும் ஒருவருக்கு ‘லெஸ்’ கட்டளையை அனுமதிக்கிறீர்கள். உள்ளே போய் ஆச்சரியக்குறியை அழுத்தி, எந்தக் கட்டளையையும் வாங்கி ஓட்டும் நிரலான ஷெல்லின் பெயரைத் தட்டினால், அவர் முழு ரூட்! ‘வீஐ’ எடிட்டரும் அப்படியே. ஷெல்லை மட்டும் தடைசெய்தால், அதை வேறு பெயரில் நகலெடுத்து ஓட்டிவிடலாம். அனுமதி வரியில் கோப்புப் பெயரின் இறுதியில் ‘எதுவும் வரலாம்’ என்ற பொருளில் நட்சத்திரக்குறி போட்டால், அது இடைவெளியையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறது. அந்த இடைவெளிக்குப் பின் கடவுச்சொல் கோப்பின் பெயரையே சேர்த்துப் படிக்கலாம்.

இவை கையேட்டில் இருக்கின்றன, மறுக்கவில்லை. எடிட்டரைப் பயனர் உரிமையிலேயே திறக்கும் ‘சூடூஎடிட்’, வேறு நிரலைத் தொடங்கவிடாத ‘நோஎக்ஸெக்’ என்று மருந்தும் இருக்கிறது. ஆனால் சூடூவின் அனுமதிப் பட்டியலைத் திருத்தப் பயன்படும், இலக்கணப் பிழை ஒன்று விழுந்தாலே வரி எண்ணோடு நிறுத்திவைக்கும் ‘விசூடூ’, பட்டியலில் ‘வீஐ’யைச் சேர்க்கும்போது ஏன் வாய் திறப்பதில்லை? இத்தனை ஆண்டுகளாக எல்லாருக்கும் தெரிந்த ஓட்டை அல்லவா இது!

சூடூ அனுமதியே இல்லாத பயனரும் ரூட் ஆகிவிடக்கூடிய பிழை 2021 ஜனவரியில் வெளியானபோது எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. 2011 முதல் கிடந்த பிழைதான். தெரியவந்தவுடன் திருத்தம் வந்துவிட்டது. விசூடூவின் இந்த மௌனத்துக்குத்தான் விடிவில்லை.

நண்பருக்குச் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை: ரூட் கடவுச்சொல்லைப் பகிர்வதைவிடச் சூடூ ஆயிரம் மடங்கு மேல். ஆனால் எங்கள் அடுத்த சர்வரில் மாணவர் எவருக்கும் அதைத் தரப்போவதில்லை. மென்பொருள் வேண்டுமென்றால், ரூட் இல்லாமலே நிறுவ உதவும் கோண்டா என்ற கருவி மூலம் தங்கள் கோப்புறையிலேயே நிறுவிக்கொள்ளட்டும்; சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடட்டும்.