வெல்க்ரோவைப் பிரித்து நாடா வைத்தேன்: பாலூட்டும் தலையணை, ஒரு வருஷத்துக்குப் பிறகு

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் பேண்ட் ஜிப் மாற்றுவது, ஸ்கூல் பைக்கு வார் தைப்பது மாதிரி வேலைகளுக்கென்றே ஒரு தையல்காரர் இருக்கிறார். போன வாரம் அவரிடம் என் பாலூட்டும் தலையணையைக் கொடுத்து, பின்பக்க பெல்ட்டில் இருக்கும் வெல்க்ரோவைப் பிரித்துவிட்டு நாடா வைத்துத் தரச் சொன்னேன். "நல்லாத்தானம்மா இருக்கு, எதுக்குப் பிரிக்கணும்?" என்றார். ஒரு தடவை இழுத்துக் காட்டினேன். சர்ர்ர்ர். கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கூலி 40 ரூபாய்.

என் மகள் இப்போது தானே மடியில் ஏறி உட்கார்ந்து குடிக்கிற வயசுக்கு வந்துவிட்டாள், தலையணைக்கு வேலை இல்லை. அடுத்த மாதம் தங்கச்சிக்குப் பேறுகாலம், அவளுக்காகத்தான் இந்தத் தையல். இதற்கு நடுவில் வீரவநல்லூர் மதினி ஒரு லிங்க் அனுப்பினார்கள். அதே கம்பெனி, அதே தலையணை, நான் 1,400 ரூபாய் கொடுத்து வாங்கியது இப்போது 850. "வாங்கலாமா, சொல்லு" என்று கேட்டிருந்தார்கள். போனில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே மதினி, "ஏட்டி, இதை எழுதி அனுப்பு, நாலு பேருக்கு உதவும்" என்றார்கள். சரி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வெல்க்ரோ பேச்சை எடுத்தால் அப்புறம் நியாயமாகப் பேச எனக்கு வராது.

எனக்கு ஆபரேஷன் பிரசவம். முதல் இரண்டு வாரமும் தையல் போட்ட இடத்தில் பிள்ளையின் கால் பட்டாலே உயிர் போய் வரும். மடியில் குறுக்கே போட்டு, முழங்கை மடிப்பில் தலையை வைத்துக் கொடுக்கிறோமே, அந்தப் பிடி அந்தச் சமயத்துக்கு ஆகாது. பிள்ளையின் முழு எடையும் தையல் மேல்தான் இறங்கும். வார்டில் ஒரு நர்ஸ் கக்கத்துப் பிடியைச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளையை வயிற்றின் மேல் வைக்காமல் விலாப் பக்கத்தில், நம் கைக்கு அடியில், கால்கள் நம் முதுகுப் பக்கம் போகிறபடி வைக்க வேண்டும். நம் உள்ளங்கை பிள்ளையின் கழுத்தையும் தோளையும் தாங்கும், முன்கை முதுகைத் தாங்கும். தலையின் பின்புறத்தைப் பிடித்து மார்பில் அழுத்தக் கூடாது, அழுத்தினால் பிள்ளை திமிறிப் பின்னால்தான் போகும் என்று நாலைந்து தடவை சொன்னார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிவைத்துச் செய்து பார்த்தோம். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று நழுவும். வீட்டுக்கு வந்து இந்த வளைந்த தலையணையை இடுப்பைச் சுற்றிக் கட்டியதும் அந்தக் கூத்தெல்லாம் நின்றது. பிள்ளையின் மூக்கு காம்புக்கு நேராக வந்து நிற்கும். அந்த உயரம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிள்ளை வாயை ஆவென்று திறக்கும் வரை பொறுத்திருந்து, திறந்ததும் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். நாம் குனிந்து மார்பைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது. முகவாய் மார்பில் பதிந்திருக்க வேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மலர்ந்திருக்க வேண்டும், காம்போடு கருவட்டமும் வாய்க்குள் போயிருக்க வேண்டும். கீழ்ப்பக்கத்துக் கருவட்டம் அதிகமாகப் போயிருக்கும். இப்படிக் கவ்வினால் காம்பு புண்ணாகாது. சுரீர் என்று வலித்துக்கொண்டே இருந்தால் கவ்வியது சரியில்லை. அப்போது வெடுக்கென்று இழுக்காமல், சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து உறிஞ்சுவதை விடுவித்து, மறுபடி முதலிலிருந்து.

பச்சைப்பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை வரை குடிக்கும். ஒவ்வொரு தடவையும் குனிந்தே கொடுத்தால் கழுத்தும் முதுகும் என்ன ஆகும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். மணிக்கட்டுக்கும் அதே கதிதான். பெருவிரல் பக்கம் வலி எடுத்துப் பிள்ளையைத் தூக்கவே முடியாமல் போன தாய்மார்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. அந்தப் புண்ணியம் தலையணைக்குத்தான்.

இனி வெல்க்ரோ.

தலையணைக்கும் நம் வயிற்றுக்கும் இடையே இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் பிள்ளை மெல்ல அந்தப் பள்ளத்துக்குள் இறங்கும், உடம்பு நம்மை விட்டு விலகும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், வாயிலிருந்து காம்பும் நழுவும். அதனால் பெல்ட்டை இறுக்கித்தான் போட வேண்டும். இறுக்கிப் போட்டதைப் பிள்ளை தூங்கிய பிறகு கழற்ற வேண்டும். பச்சைப்பிள்ளை பால் குடித்தால் தூங்கத்தான் செய்யும். அந்த நேரத்தில்தான் சர்ர்ர்ர்.

திடீரென்று சத்தம் கேட்டால் இரண்டு கையையும் விரித்துப் பதறுவது முதல் சில மாதங்களுக்கு எல்லாப் பிள்ளைக்கும் உள்ளதுதான். மோரோ அனிச்சை என்று மருத்துவத்தில் சொல்வார்கள், நாலு முதல் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். ஆக, எந்த மாதங்களில் இந்தத் தலையணை தேவையோ அதே மாதங்களில்தான் பிள்ளை சத்தத்துக்குத் தூக்கிப் போடும். இதைச் செய்தவர்கள் ஒரு தாயிடமாவது கொடுத்துப் பார்த்திருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. மெதுவாகப் பிரித்தால் சத்தம் குறையாது, நீளும். வேகமாகப் பிரித்தால் வெடி. மிக்ஸி ஓடும்போது பிரிப்பேன். இவரை இருமச் சொல்லி, இருமும்போது பிரிப்பேன். நடுராத்திரி எத்தனை தடவைதான் மனிதர் இருமுவார்?

இதைச் சிரித்துவிட்டுப் போக முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெல்ட்டைப் பிரித்தால் பிள்ளை விழித்துவிடும் என்ற பயத்தில், "அப்படியே தலையணையிலேயே தூங்கட்டும்" என்று தோன்றும். எல்லாருக்கும் தோன்றும். அது மட்டும் கூடவே கூடாது. அந்த வளைவில் பிள்ளையின் தலை முன்பக்கம் சரிந்து முகவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுப்பாதை மடங்கிவிடும். முகம் பஞ்சில் புதைந்தாலும் ஆபத்துதான், திருப்பிக்கொள்ள அந்த வயசில் கழுத்துக்கு வலு கிடையாது. அமெரிக்காவில் இந்த மாதிரித் தலையணைகளில் தூங்கவிடப்பட்ட பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் அங்கே 2024-ல் இந்தத் தலையணைகளுக்கென்றே பாதுகாப்பு விதி கொண்டுவந்தார்கள். முகம் புதையாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும், பிள்ளையைக் கட்டிப்போடும் வார் எதுவும் இருக்கக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. தூங்கிய பிள்ளையை எடுத்து, சமமான கெட்டிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் முறை.

இப்போது மதினி அனுப்பிய லிங்கைப் பாருங்கள். முதல் படமே, தலையணை வளைவுக்குள் ஒரு பிள்ளை கண்மூடித் தூங்குகிறது, பக்கத்தில் ஆளே இல்லை! பால் பவுடருக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று நம் நாட்டில் 1992-லேயே சட்டம் வந்து, 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். தலையணை விற்கிறவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை போல.

ஆச்சிக்கு முதல் நாளே இதைப் பிடிக்கவில்லை. "என்னட்டி இது, பிள்ளைய டயருக்குள்ள போட்ட மாதிரி? உரம் விழுந்துரும் பாத்துக்கோ" என்றாள். கழுத்தைக் கோணலாக வைத்துத் தூக்கினாலோ படுக்க வைத்தாலோ உரம் விழும் என்பது அவள் கணக்கு. நர்ஸ் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: பிள்ளையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், வயிறு நம் உடம்பைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். தலையை மட்டும் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு வாய்த் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள், பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். ஆகவே ஆச்சியும் நர்ஸும் ஒரே கட்சி. உரம் எடுக்கிறேன் என்று பிள்ளையைச் சுளகில் போட்டுப் புடைப்பதற்கும் வேட்டியில் போட்டு உருட்டுவதற்கும் மட்டும் நான் சம்மதிக்கவில்லை. பிள்ளை விடாமல் அழுதால் டாக்டரிடம் போவோம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

அடுத்த சண்டை படுத்துக்கொண்டு கொடுப்பதற்கு. "காதுக்குள்ள பால் போயிரும்." இது ஆச்சி மட்டுமல்ல, தெருவே சொன்னது. தாயும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பதில் தவறில்லை, ஆபரேஷன் ஆனவர்களுக்கு மருத்துவமனையிலேயே சொல்லித்தரும் முறைதான் அது. மல்லாக்கப் போட்டு பாட்டில் பால் புகட்டும் பிள்ளைக்குத்தான் காதுத் தொந்தரவு அதிகம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்குக் காதில் சீழ் பிடிப்பது குறைவு. இந்தப் பிடிக்கு இந்த 1,400 ரூபாய்ச் சாமான் எதற்கும் ஆகாது. எனக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பழைய இலவம்பஞ்சுத் தலையணை, முழங்காலுக்கு நடுவில் ஒரு மடித்த போர்வை. பிள்ளையின் முதுகுக்குச் சுருட்டிய துண்டு வைக்கலாம், குடித்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் தரையில் பத்தமடைப் பாய், மேலே பழைய வேட்டி. மெத்தை மாதிரி அமுங்காது, அதுவும் நல்லதுதான். கண் சொக்குகிற மாதிரி இருந்தால் பக்கத்தில் ஒருவர் விழித்திருப்பது நல்லது. சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ பிள்ளையோடு தூங்கிவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

சாய்வு நாற்காலி என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டாவது மாதம் எனக்குப் பால் வேகமாகப் பீய்ச்சும். பிள்ளை மூச்சுத் திணறி இருமும். பகலில் தாத்தாவின் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, பிள்ளையைக் கவிழ்த்து என் மார்பின் மேல் போட்டுக் கொடுக்கப் பழகினேன். பால் மேல்நோக்கி ஏற வேண்டியிருப்பதால் வேகம் குறையும். அதற்கும் தலையணை வேண்டாம்.

தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறவர்களுக்கும் இது ஒத்துவராது. நாற்காலிக்கும் சோபாவுக்கும் அளவெடுத்துச் செய்த சாமான். சம்மணத்தில் தொடையே ஒரு முட்டு கொடுக்கும், அதன் மேல் இதையும் கட்டினால் பிள்ளை என் தோளுக்கு வந்து நிற்கிறாள். நாலு மாதம் தாண்டிப் பிள்ளை கனத்த பிறகு நாற்காலியிலும் உயரம் கூடுதல்தான். சித்திரை வெயிலில் கரண்ட் போனால் அந்த செயற்கைப் பஞ்சு கணகணவென்று கொதிக்கும், பிள்ளையின் முதுகெல்லாம் வியர்க்குரு. ஐப்பசி மழையில் உறை காய இரண்டு நாள் ஆகும். மாற்று உறை கம்பெனி தருவதில்லை.

வெளியூர் போகும்போது இதைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? 2015-ல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள், அம்பாசமுத்திரம் பக்கம் கல்யாணம் கருமாதி என்று போய்வரும்போது எனக்கு அவைதான் கைகொடுத்தன. அங்கே துணிப்பையை மடியில் வைத்து, அதன் மேல் துண்டை மடித்துப் போட்டு உயரம் கொடுப்பேன். எதிர்க்கையால் கழுத்தைத் தாங்கி, இந்தப் பக்கத்துக் கையால் மார்பைத் தாங்கிக் கொடுத்தால் அழகாகக் குடிப்பாள். பக்கத்தில் யாரும் சர்ர்ர் என்று எதையும் பிரிக்கவும் மாட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு மதினிக்கு என் பதில்: வாங்காதீங்க. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். முதல் மாதம் இது இல்லாமல் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது, அது உண்மை. அந்த ஒரு மாதத்துக்காக மூன்று கொடுக்கலாம் என்று நினைத்தேன். அப்புறம் அந்தச் சத்தம் காதில் கேட்டது. குறைத்துவிட்டேன். நாடா வைத்த பிறகு இது நாலு நட்சத்திரச் சாமான்தான், ஆனால் மிச்ச இரண்டும் தையல்காரருக்குச் சேர வேண்டியவை, கம்பெனிக்கு இல்லை. 850 என்ன, 300-க்கு வந்தாலும் எழுதியதை மாற்றமாட்டேன்.

மதினி, என்னுடையதைக் கேட்டாலும் கிடைக்காது, தங்கச்சிக்கு எடுத்துவைத்தாகிவிட்டது. நீங்க இரண்டு கெட்டிப் போர்வையும் இரண்டு துண்டும் ஆஸ்பத்திரிப் பையில் வையுங்க. பிரசவம் ஆன அன்றைக்கே, முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே, பிள்ளையை மார்பில் போடச் சொல்லிக் கேளுங்க. வார்டில் இருக்கும்போதே நர்ஸை நிறுத்தி வைத்து, கக்கத்துப் பிடியையும் படுத்துக் கொடுப்பதையும் அவங்க கண் முன்னாலேயே செய்து காட்டிவிட்டு வீட்டுக்கு வாங்க.