ஜன்னல் கண்ணாடிக்கு கார் ஃபிலிம் ஒட்டி "ஹீட் கிளாஸ்" என்று விற்கிறார்கள்: புரொஜெக்டர் செய்பவர்கள் கவனிக்கவும்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் சொந்தமாக புரொஜெக்டர் செய்துகொண்டிருப்பவர்களுக்கு அவசரமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். விளக்குக்கும், படம் தோன்றும் எல்சிடி பேனலுக்கும் நடுவே வைக்கிற வெப்பத் தடுப்புக் கண்ணாடியைக் (இதைத்தான் "ஹீட் கிளாஸ்" என்கிறார்கள்) கடைக்காரர் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து வாங்காதீர்கள். கோவையில் ஒரு கண்ணாடிக் கடை எனக்குச் செய்தது மோசடி. அவர்கள் இன்னும் அதே சரக்கை விற்றுக்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அவிநாசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் அறிவியல் படங்கள் காட்டுவதற்காக இதைச் செய்தோம். பழைய 15 அங்குல மானிட்டரின் பேனல், 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு, அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக், அதைப் பற்றவைக்கும் இக்னைட்டர், ஒளியைக் குவிக்கும் தட்டையான ஃப்ரெனல் லென்ஸ் இரண்டு. இந்தச் சாதனத்தின் உயிர்நாடி தடுப்புக் கண்ணாடிதான். அந்த விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகிறது. மீதியில் பெரும்பகுதி வெப்பம், கொஞ்சம் புறஊதாக் கதிர். நிற எல்சிடி பேனலோ தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூட மறுபுறம் விடுவதில்லை. மற்றதெல்லாம் அதற்குள்ளேயே சூடாகிவிடுகிறது. பேனலின் இரு முகத்திலும் உள்ள, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர், அயோடின் ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் படலம். வெப்பமும் புறஊதாவும் சேர்ந்தால் அது வெகு சீக்கிரம் மஞ்சளாகிக் கருகும்.

இதையெல்லாம் கடைக்காரரிடம் விளக்கிச் சொல்லித்தான் கேட்டேன். லேசான நீலச் சாயல் உள்ள ஒரு கண்ணாடியை எடுத்து வைத்தார். வெப்பத்தை உறிஞ்சும் அசல் கண்ணாடிக்கும் அப்படியொரு நீலப்பச்சைச் சாயல் உண்டு. "ஜெர்மன் சரக்குங்க, வெப்பம், யுவி இரண்டையும் நிறுத்திவிடும்" என்றார். கள்ளநோட்டு பார்க்கும் யுவி டார்ச்சை ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளின் எண் வரிசைமேல் அடித்தார். ஒளிர்ந்தது. நடுவே கண்ணாடியை வைத்தார். ஒளிர்வு அணைந்தது. அளவைக் குறித்துக்கொண்டு உள்ளே போய் வெட்டி எடுத்து வந்து 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு, "பில் வேண்டும் என்றால் ஜிஎஸ்டி தனி, இன்றைக்கு மெஷின் ஓடவில்லை" என்று சொல்லி எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்.

அந்த டார்ச் சோதனையில் பொய் இல்லை. ஏமாற்று அங்கேதான் இருக்கிறது. கார் கண்ணாடியில் ஒட்டும் சன் கன்ட்ரோல் ஃபிலிமில் புறஊதாவை உறிஞ்சும் பொருள் கலந்திருக்கும். எனவே எந்த ஜன்னல் கண்ணாடியில் அதை ஒட்டினாலும் இந்தச் சோதனையில் தேறிவிடும். வெப்பத்தைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது.

விளக்கைப் போட்டு ஒரு படம் முடிவதற்குள் பசை கருகும் நாற்றம் வந்தது. திரையின் நடுவில் கரும்புள்ளி விழுந்தது. பேனலுக்குள் இருக்கும் திரவப் படிகம் அளவுக்கு மேல் சூடானால் தன் ஒழுங்கை இழந்து இப்படிக் கருக்கும், ஆறினால் சரியாகிவிடும். அணைத்து ஆறவைத்ததும் புள்ளி மறைந்தது, ஆனால் அந்த இடத்தில் காவி நிறக் கறை நின்றுவிட்டது. போலரைசர் போய்விட்டது என்று பொருள். பெட்டியைத் திறந்தால் கண்ணாடி முழுவதும் குமிழ் குமிழாக எழும்பி, குறுக்கே விரிசல் ஓடியிருந்தது. சாதாரணக் கண்ணாடியில் நடுவுக்கும் விளிம்புக்கும் 40 டிகிரி அளவுக்கு வேறுபாடு வந்தாலே விரியும். பிளேடால் ஒரு மூலையை நெம்பினேன். ஃபிலிம் அப்படியே உரிந்து வந்தது. கார் அலங்காரக் கடை வைத்திருக்கும் தெரிந்த தம்பியிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்த மாத்திரத்தில், மலிவு விலைச் சாய ஃபிலிம் என்றார்.

திரும்பப் போய்க் கேட்டபோது கடைக்காரருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. "ஏனுங்க, வெட்டிய கண்ணாடியை யார் திரும்ப எடுப்பார்கள்? உங்கள் விளக்கு பெரிதுங்க" என்றார். அது டஃபன்டு (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கிய) கண்ணாடி என்றும் புதிதாக ஒன்று சொன்னார். டஃபன் செய்த கண்ணாடியை வெட்டவே முடியாது, கத்தி பட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். நூலகத்துக்காக ஊரார் போட்ட பணத்தில் வாங்கியது என்று தெரிந்தும் இப்படிப் பேசியவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே செய்து பார்க்க ஒரு வழி உண்டு. டிவி ரிமோட்டை எடுத்துச் செல்லுங்கள். கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே ரிமோட்டின் முனையைப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ மின்னும். நடுவே கண்ணாடியை வையுங்கள். மின்னல் குறையாமல் இருந்தால் அது வெப்பத் தடுப்புக் கண்ணாடி அல்ல, பேச்சே வேண்டாம். என்னை ஏமாற்றிய கண்ணாடியில் அது கொஞ்சம்கூடக் குறையவில்லை. குறைந்தால் மட்டும் போதாது; ரிமோட் சுமார் 940 நானோமீட்டரில்தான் வேலை செய்கிறது, விளக்கின் வெப்பம் அதற்கு அப்பாலும் நீள்கிறது. ஆகவே எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி கடக்கிறது என்ற வரைபடத்தைக் கேளுங்கள். உண்மையான சரக்கு விற்பவர்களிடம் அது இருக்கும். ஹாட் மிரர் என்று இன்னொரு வகைத் தடுப்புக் கண்ணாடியும் உண்டு; அது வெப்பத்தை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பும். சாய்த்துப் பார்த்தால் பிரதிபலிப்பின் நிறம் மாறும். கண்ணாடியின் ஓரத்தையும் உற்றுப் பாருங்கள். ஃபிலிம் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் விளிம்புக்கு ஒரு மயிரிழை உள்ளே ஒரு கோடு தெரியும்.

ஆய்வகக் குடுவைகள் செய்யும் போரோசிலிகேட் கண்ணாடியையும் சிலர் இதே பெயரில் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். அது வெப்பத்தைத் தாங்கும், வெப்பத்தைத் தடுக்காது. புறஊதாவில் பெரும்பகுதியையும் உள்ளே விட்டுவிடும்.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று. திருப்பூரில் பனியன் பிரின்டிங் பட்டறைகளில் ஸ்கிரீன் எக்ஸ்போஸ் செய்யும் (அச்சுத் திரையில் ஒளியால் படத்தைப் பதிக்கும்) மெட்டல் ஹாலைடு விளக்குகள் காயலான் கடைக்கு வருகின்றன. புறஊதாவை அதிகம் கக்குவதற்கென்றே செய்யப்பட்டவை அவை. விலை குறைவென்று வாங்கிவிடாதீர்கள். எந்த மெட்டல் ஹாலைடு விளக்காக இருந்தாலும் வெளிக்கூடு உடைந்தபின் எரியவிடக் கூடாது, கண்ணும் தோலும் வெந்துவிடும். பிள்ளைகள் உட்காரும் இடம் என்பதை மறக்காதீர்கள்.

பேனல் அளவுக்குப் பெரிய ஹாட் மிரர் மலிவாகக் கிடைக்கவே கிடைக்காது. அதனால் இப்போது நாங்கள் விளக்கின் அருகில், ஒளிக் கூம்பு குறுகலாக இருக்கும் இடத்தில் சிறிய ஹாட் மிரர் ஒன்றை ஆப்டிக்கல் பொருள்கள் விற்பவரிடம் வரைபடத்தோடு வாங்கிப் பொருத்தியிருக்கிறோம். பேனலுக்கு முன்னால், காற்றோட்டத்தில், பாலிகார்பனேட் என்ற தெளிவான கெட்டி பிளாஸ்டிக் தகடு ஒன்று. அது புறஊதாவை நன்றாகத் தடுக்கும், மஞ்சளாகும்போது மாற்றிவிடலாம்.

அதே கடையில் ஏமாந்தவர்கள் எஸ்டிமேட் சீட்டுதானே என்று விட்டுவிடாதீர்கள். யுபிஐ மூலம் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவும் சான்றுதான். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் நான் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டு சந்தேகத்தில் இருப்பவர்கள் பேனலைப் பொருத்தும் முன் கண்ணாடியை எங்கள் நூலகத்துக்குக் கொண்டு வாருங்கள், ரிமோட்டும் டார்ச்சும் வைத்துச் சோதித்துத் தருகிறேன்.